டெக்ட்ரானிக்ஸ் 465 ஸ்கோப்புக்கு மாற்றுக் கண்டென்சர்: மார்த்தாண்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

கருவி டெக்ட்ரானிக்ஸ் 465, மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்), இரண்டு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ். 1972-ல் சந்தைக்கு வந்த மாடல். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கழித்துக் கட்டப்பட்டு, பல வருடம் மின்சாரமே பார்க்காமல் அலமாரியில் கிடந்து, மார்த்தாண்டத்துப் பணிமேசைக்கு வந்து சேர்ந்தது. புகார் சுருக்கமானது: சுவிட்ச் போட்டால் திரையில் கோடு இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. எந்தக் கண்டென்சரை (மின்தேக்கியை) எதைக் கொண்டு மாற்றுவது என்று முடிவெடுக்கத்தான் நேரம் போனது. பழைய கருவியில் அச்சிட்டிருக்கும் அதே எண் இன்று கடையில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அதுவே சரியான தேர்வு என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் கண்டென்சர் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து வாங்கினால் தேடலும் எளிதாகும், வேலையும் நிலைக்கும். எனவே இந்த ஆய்வில் தேர்வு பற்றிய பகுதியே நீளம்.

மின் இணைப்பு கொடுக்கும் முன்

முதலில் பார்த்தது மின்னழுத்தத் தெரிவு சுவிட்ச். வெளிநாட்டிலிருந்து நேராக வந்த பெட்டிகள் 115 வோல்ட் நிலையில் இருக்கலாம். அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் கண்டென்சரோடு டிரான்ஸ்பார்மரும் போய்விடும், அந்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்று கிடைப்பது அரிது. கன்னியாகுமரி மாவட்டக் கிராமங்களில் பின்னிரவில் மின்சார லைன் 250 வோல்ட்டைத் தொடுவதும் உண்டு. ஆகவே பகலில் எடுத்த அளவை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

அடுத்து, கருவியை அணைத்த நிலையிலேயே ஒவ்வொரு சப்ளை லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடை அளக்கப்பட்டது. 465-ல் சீராக்கிய லைன்கள் ஐந்து: 110, 55, 15, 5 வோல்ட், பிறகு மைனஸ் 8 வோல்ட். நான்கு லைன்கள் பல பத்து ஓமும் அதற்கு மேலும் காட்டின. 15 வோல்ட் லைன் மட்டும் 1.1 ஓம். மீட்டர் வயரின் தடையைக் கழித்தால் ஒரு ஓமுக்கும் கீழே. இது நேரடி ஷார்ட்.

இந்த எண்ணே ஷார்ட் எங்கே இருக்கலாம் என்று சொல்லிவிடும். 10 அல்லது 22 ஓம் போன்ற ‘உருண்டையான’ மதிப்பு காட்டினால், லைனுக்குத் தொடரில் இருக்கும் சிறிய டீகப்ளிங் ரெசிஸ்டருக்கு (லைன் இரைச்சலைத் தடுக்கும் தடைக்கு) அப்பால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அப்போது கருகிய ரெசிஸ்டரைக் கண்ணாலேயே தேடலாம். ஒரு ஓமுக்கும் கீழே என்றால் முதன்மை லைனின் மேலேயே ஏதோ ஒன்று போயிருக்கிறது. 465-ன் காலத்து ஸ்கோப்புகளில் பெரும்பாலும் அது டான்டலம் மணி (மணி வடிவச் சிறிய டான்டலம் கண்டென்சர்) ஒன்றாகத்தான் இருக்கும்.

ஷார்ட்டான டான்டலத்தைப் பிடித்தது

15 வோல்ட் லைனில் டான்டலங்கள் போர்டு போர்டாகப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் காலைக் கழற்றிப் பார்ப்பது போர்டைக் கெடுக்கும் வேலை. அதற்குப் பதிலாக, மேசை சப்ளையை 0.5 வோல்ட்டில் நிறுத்தி, மின்னோட்ட வரம்பை 1 ஆம்பியரில் வைத்து, 15 வோல்ட் டெஸ்ட் பாயிண்டில் சரியான போலாரிட்டியோடு கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ அரை ஆம்பியர் ஓடியது. 0.5 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சிலிக்கன் ஜங்ஷன்கள் கடத்தத் தொடங்கி மின்னோட்டம் வேறு வழிகளில் பிரியும், அளவு குழம்பிவிடும்.

இப்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டில் பிடித்து, சிவப்பு முனையால் லைனைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். கொடுத்த இடத்தில் 498 மில்லிவோல்ட், வெர்டிகல் போர்டுக்கு (சிக்னலைப் பெருக்கும் போர்டு) போகும் இணைப்பில் 455, போர்டின் நடுவில் 431, ஓரத்து டான்டலத்தின் காலில் 418. அதைத் தாண்டிப் போனாலும் அதே 418. மின்னோட்டம் ஓடும்வரைதான் டிராக்கில் (போர்டின் செம்புப் பாதையில்) அழுத்தம் குறையும். எந்த இடத்துக்குப் பிறகு எண் அசையாமல் நிற்கிறதோ, மின்னோட்டம் கிரவுண்டுக்கு இறங்கும் இடம் அதுவே. அந்த மணியின் ஒரு காலை மட்டும் எடுத்ததும் லைன் 90 ஓமுக்கு மேல் ஏறியது.

டான்டலத்துக்கு மாற்று

திட டான்டலம் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் குறை இருக்கும் இடத்தில், சுவிட்ச் போடும்போது பாயும் மின்னோட்டம் குத்திக்கொண்டு போய்விடும். சப்ளை லைனின் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான தடை) எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆபத்து. அதனால்தான் இப்போது டான்டலத்தைப் போடுகிறவர்கள் லைன் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ரேட்டிங் கேட்கிறார்கள். அன்றைய வடிவமைப்பில் அந்தத் தாராளம் இல்லை.

இங்கே 15 வோல்ட் லைனுக்கு 35 வோல்ட் ரேட்டிங், மைனஸ் 8 வோல்ட் லைனுக்கு 25 வோல்ட் ரேட்டிங் என்று முடிவானது. மதிப்பு பழையதே. வெர்டிகல் போர்டில் மறுபடியும் டான்டலமே போடப்பட்டது: இடம் குறுகல், கால் இடைவெளியும் பொருந்துகிறது, இஎஸ்ஆரும் (கண்டென்சருக்குள்ளேயே தொடராக நிற்கும் தடை) பழையதை ஒட்டியே இருக்கும். இடம் தாராளமாக உள்ள போர்டுகளில் 105 டிகிரி, குறைந்த இம்பிடன்ஸ் வகை அலுமினியம் எலெக்ட்ரோலிட்டிக், அதே மதிப்பிலோ ஒரு படி மேலோ, 50 வோல்ட்டில் போடப்பட்டது. பானாசோனிக் எஃப்ஆர், நிச்சிகான் பிடபிள்யூ போன்ற வரிசைகள் இதற்குப் பொருந்தும்.

‘பத்து மைக்ரோஃபாரட் செராமிக் சிப் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?’ என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு காரணங்களால் வேண்டாம். எக்ஸ்5ஆர் வகைச் சிறிய சிப்பின் மேல் 15 வோல்ட் டிசி ஏறினால் அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே போகலாம். உறையில் 10 என்று இருக்கும், போர்டில் 4 கூட இருக்காது. இரண்டாவது, அதன் இஎஸ்ஆர் மிகக் குறைவு. பழைய டான்டலத்தின் ஓரளவு தடைதான் நீண்ட டிராக்கின் இண்டக்டன்சோடு சேர்ந்து லைன் அதிராமல் தணித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் வேகமான பல்ஸின் விளிம்பில் முன்பு இல்லாத நடுக்கம் தெரியும். நூறு மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் அது அளவையே கெடுக்கும்.

போலாரிட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நிறப் புள்ளி போட்ட பழைய மணிகளில் பிளஸ் குறி இருக்காது. புள்ளி நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் வலது கால் பிளஸ். கழற்றும் முன்பே போர்டில் மார்க்கரால் குறித்துவிட வேண்டும். மைனஸ் 8 வோல்ட் லைனில் கண்டென்சரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். கை பழக்கத்தில் மாற்றி வைத்துவிடும் இடம் இதுதான். தலைகீழாக வைத்த டான்டலம் சில நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு தீப்பொறியோடு வெடிக்கும்.

எல்லா டான்டலத்தையும் மாற்ற வேண்டுமா? இந்த நிகழ்வில் 15 வோல்ட் லைனிலும் மைனஸ் 8 வோல்ட் லைனிலும், லைன் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ரேட்டிங் இல்லாதவை மட்டும் மாற்றப்பட்டன. மற்றவை தொடப்படவில்லை.

கோடு வந்தது, கூடவே அலையும்

ஷார்ட் நீங்கியதும் 100 வாட் சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுக்கப்பட்டது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது, பிறகு நேரடி இணைப்பு. (இது சாதாரண டிரான்ஸ்பார்மர் சப்ளை என்பதால் இந்த முறை சரி. சுவிட்சிங் சப்ளை உள்ள பிந்தைய ஸ்கோப்புகளை வேரியாக் என்னும் அழுத்தம் மாற்றும் டிரான்ஸ்பார்மரில் மெல்ல ஏற்றக்கூடாது. குறைந்த அழுத்தத்தில் அவை அதிக மின்னோட்டம் இழுத்து டிரான்சிஸ்டரைப் போக்கிவிடும்.)

திரையில் கோடு வந்தது. ஆனால் 5 மில்லிவோல்ட் நிலையில் தடித்து மெதுவாக அலைந்தது. டிரிகர் மூலத்தை லைன் நிலைக்கு (திரையை மின்சார லைனின் தாளத்தோடு பூட்டும் நிலை) மாற்றியதும் அலை அசையாமல் நின்றது, அதாவது அது மின்சாரத்தின் தாளம். ஒரு அலைக்கு ஆகும் நேரத்தை எண்ணினால் 10 மில்லிசெகண்ட், அதாவது 100 ஹெர்ட்ஸ். 100 என்றால் ரெக்டிஃபையருக்குப் பின்னுள்ள ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் ஒரு டயோடு திறந்துவிட்டதா, கிரவுண்ட் எங்காவது விட்டிருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும்.

இன்னொரு ஸ்கோப்பால் பார்த்ததில் 5 வோல்ட் லைனின் மேல் ரிப்பிள் (டிசி-யின் மேல் ஏறி நிற்கும் சிற்றலை) இருந்தது. ரெகுலேட்டருக்கு முன்னால் பள்ளம் மிக ஆழம். ரெகுலேட்டர் வேலை செய்யத் தேவையான அழுத்தத்துக்குக் கீழே ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றி அளந்தபோது அங்கிருந்த டப்பா வடிவ ஃபில்டர் கண்டென்சரில் அச்சிட்ட மதிப்பில் 30 சதவீதம்கூட மிச்சமில்லை. மற்ற டப்பாக்களில் இரண்டு மதிப்பு சரியாகக் காட்டினாலும் இஎஸ்ஆர் பல மடங்கு ஏறியிருந்தது. கொள்ளளவு மட்டும் காட்டும் மல்டிமீட்டரை வைத்து ‘நல்லது’ என்று முடிவு செய்தால் இவை தப்பிவிடும்.

டப்பா கண்டென்சரின் மதிப்பைத் தீர்மானித்தல்

அந்தக் காலத்து எண்கள் இன்றைய வரிசையில் இல்லை. 550 என்று இருந்தால் 560 அல்லது 680, 3000 என்றால் 3300, 5500 என்றால் 5600 அல்லது 6800 மைக்ரோஃபாரட் எடுக்கலாம். சிறியவற்றில் 50-க்கு 47, 500-க்கு 470. இதில் தயங்கத் தேவையில்லை. பழைய எலெக்ட்ரோலிட்டிக்கின் டாலரன்ஸ் கீழே 10 சதவீதம், மேலே 50, 75, சிலவற்றில் 100 சதவீதம் என்றிருந்தது. அதாவது புதிதாக இருந்தபோதே பலவும் அச்சிட்டதைவிட அதிகம் காட்டின. இன்றையது கூட்டியும் குறைத்தும் 20 சதவீதம். எனவே 5500-க்கு 4700 போடுவது நல்லதல்ல. 20 சதவீதம் குறைவாக வந்தால் 3760-தான் கையில் இருக்கும்.

அதற்காக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றவும் கூடாது. கண்டென்சர் பெரிதாகப் பெரிதாக டயோடு கடத்தும் நேரம் சுருங்கி, அந்தச் சிறு நேரத்தில் பாயும் உச்ச மின்னோட்டம் ஏறும். டயோடும் டிரான்ஸ்பார்மரும் சூடாகும். ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ரிப்பிளைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி: மின்னோட்டத்தை ஆம்பியரில் எடுத்து, 100-ஆலும் ஃபாரடில் உள்ள கொள்ளளவாலும் வகுக்க வேண்டும். 1 ஆம்பியர், 5600 மைக்ரோஃபாரட் என்றால் 1.8 வோல்ட். உண்மையில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஏனெனில் 10 மில்லிசெகண்டு முழுவதும் கண்டென்சர் வடிவதில்லை. அதே கண்டென்சர் 1600-ஆகச் சுருங்கினால் 6 வோல்ட்டைத் தாண்டும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் அதே சுற்றில் ரிப்பிள் ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே ‘இன்னும் தாங்குகிறது’ என்று விடப்படும் கண்டென்சர் இங்கே தாங்காது.

அழுத்த ரேட்டிங்கைச் சீராக்கிய லைனை வைத்துத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபில்டர் டப்பாவின் மேல் நிற்பது ரெகுலேட்டருக்கு முந்தைய அழுத்தம், அதுவும் மின்சார லைன் 250-க்கு ஏறும்போது எவ்வளவு ஆகிறது என்பதே கணக்கு. கால்களில் நேராக அளந்து, அதன் மேல் கால்பங்காவது கூட்டி, அடுத்த ரேட்டிங்கை எடுக்க வேண்டும். பழையதைவிடக் குறைந்த ரேட்டிங் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

மூன்றாவது ரிப்பிள் மின்னோட்டம். டிசி சுமையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) மின்னோட்டம் கண்டென்சருக்குள் போய் வரும். 1 ஆம்பியர் லைனுக்கு 2 ஆம்பியர் தாங்குவதாக டேட்டாஷீட்டில் இருக்க வேண்டும். இந்த எண்ணைப் பார்க்காமல், அதே மதிப்பு சின்ன உடம்பில் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது உள்ளே வெந்து சீக்கிரம் வற்றிவிடும். 105 டிகிரி வகையையே எடுக்க வேண்டும். 10 டிகிரி சூடு குறைந்தால் எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். மூடிய பெட்டி, 33 டிகிரி அறை என்ற நம் சூழலில் 85 டிகிரி வகை சிக்கனமாகாது.

எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம். ஆம்ப்ளிஃபையர் வேலைக்கு வேண்டிய மதிப்புகள் அங்கேயே அகப்படும். அங்கே இல்லாததற்கு எர்ணாகுளம் பள்ளிமுக்கு, சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு. கேரள அரசின் கெல்ட்ரான் கண்ணூரில் அலுமினியம் எலெக்ட்ரோலிட்டிக் தயாரிக்கிறது. 100 வோல்ட்டுக்கும் அதற்கு மேலும் உள்ள பெரிய மதிப்புகளுக்கும், குறிப்பிட்ட வரிசை எண் வேண்டும் என்பவர்களுக்கும் இணையத்தில் பெரிய பாக விற்பனையாளர்களே வழி. அனுப்பும் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் இரண்டு மூன்று கருவிகளுக்குச் சேர்த்து ஆர்டர் போடுவது வழக்கம்.

கடைத்தெருவில் ‘புது ஸ்டாக்தான் அண்ணாச்சி’ என்று நீட்டுவதைச் சோதிக்காமல் போர்டில் ஏற்றக்கூடாது. பெரிய உறைக்குள் சிறிய கண்டென்சர், பழையதின் மேல் புது ஸ்லீவ் என இரண்டும் உலவுகின்றன. ஸ்லீவ் அடிவிளிம்பில் சுருங்கிப் படிந்திருக்கிறதா, கால்களில் ஏற்கெனவே ஈயம் பட்ட தடம் உண்டா, அதே அளவுள்ள நம்பகமான ஒன்றைவிட எடை மிகக் குறைவா என்று கையில் எடுத்ததுமே பார்த்துவிடலாம். அடுத்தது மீட்டர். டான் டெல்டா (இழப்புக் காரணி) 0.15 உள்ள 5600 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் இஎஸ்ஆர் 120 ஹெர்ட்ஸில் 35 மில்லிஓம் அளவே வரும். 200 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

லீக்கேஜ் (கசிவு மின்னோட்டம்) சோதனைக்கு ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு ரேட்டிங் அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். ரெசிஸ்டரின் மேல் 1 வோல்ட் நின்றால் 1 மில்லிஆம்பியர் லீக்கேஜ். பெரிய டப்பாக்களுக்கு வழக்கமான வரம்பு, மைக்ரோஃபாரடையும் வோல்ட்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 3-ஆல் பெருக்கினால் வரும் மைக்ரோஆம்பியர். 5600 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால் சுமார் 1.6 மில்லிஆம்பியர். 5 நிமிடம் கழித்து 1.6 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் சரி. நல்ல கண்டென்சரில் அது இன்னும் வெகுவாக இறங்கும். சோதனை முடிந்ததும் அதே ரெசிஸ்டரால் வடித்துவிட வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடித்தால் உள்ளே கால் பிடித்திருக்கும் இடம் கெடும்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று விற்கப்படும் அசல் டப்பாக்களை வாங்குவதில் பொருளில்லை. பெட்டிக்குள் இருந்தாலும் எலெக்ட்ரோலைட்டின் வயது அதே வயதுதான்.

பொருத்தியதில் வந்த சிக்கல்

465-ன் டப்பா கண்டென்சர்களுக்கு இரண்டு கால் அல்ல, பல கால். நடுவில் பிளஸ், சுற்றிலும் மைனஸ் கால்கள். புதிய ஸ்னாப்-இன் வகைக்கு 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டே கால். பலர் இரண்டு துளையில் செருகி ஈயம் வைத்துவிட்டு, கருவி ஏன் முன்பைவிட மோசமாக நடந்துகொள்கிறது என்று தேடுகிறார்கள். டப்பாவின் மைனஸ் கால்கள்தான் போர்டில் பிரிந்து கிடக்கும் கிரவுண்ட் டிராக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாலமாகவும் இருந்தன. டப்பாவை எடுத்ததும் அந்த இணைப்பு அறுந்துபோகும்.

எனவே ஒவ்வொரு டப்பாவுக்கும் பழைய அடிப்பக்க அளவில் செம்புத் தகடு ஒட்டிய எஃப்ஆர்4 (கண்ணாடி இழை போர்டு) வட்டம் வெட்டப்பட்டது. நடுவில் பிளஸ்ஸுக்கான தீவை மட்டும் சுற்றி அறுத்துவிட்டு, மீதிச் செம்பு முழுவதும் மைனஸ். 1 மில்லிமீட்டர் ஈயம் பூசிய செம்புக் கம்பிகள் பழைய துளைகள் எல்லாவற்றுக்கும் இறக்கப்பட்டன, ஒன்றுகூட விடப்படவில்லை. ஈயம் வைத்த பிறகு பழைய மைனஸ் துளை ஒவ்வொன்றுக்கும் இடையே தொடர்ச்சி பார்க்கப்பட்டது.

பழைய டப்பாவைக் கழற்றும்போது முதலில் புது 60/40 ஈயத்தை மேலே உருக்கிவிட்டு, பிறகு ஈயம் உறிஞ்சும் சக்கர் வைத்தால் போர்டின் பேட் (செம்பு வட்டம்) உரியாது. காய்ந்த ஈயத்தை அப்படியே இழுக்கப் பார்த்தால் உரியும். இதைவிடப் பழைய, செராமிக் பட்டையில் பாகங்கள் நிற்கும் வால்வு ஸ்கோப்பாக இருந்தால் சாதாரண ஈயமே கூடாது, 3 சதவீதம் வெள்ளி கலந்தது வேண்டும். இல்லையேல் பட்டையின் வெள்ளிப் பூச்சு கரைந்து வந்துவிடும்.

புதியவை உருவில் சிறியவை என்பதால் ஆடாமல் இருக்க அடியில் சிலிக்கன் பசை வைக்கப்பட்டது. வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகையே சரி. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மிச்சம் விட்ட ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) ஈரத்தை இழுத்து லீக்கேஜ் பாதை போட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, உலர வைத்த பிறகே மூடி போடப்பட்டது.

தொடாமல் விட்டவை

டைம்பேஸின் (திரையில் நேர அளவைத் தீர்மானிக்கும் சுற்று) துல்லியக் கண்டென்சர்கள், சில்வர் மைக்கா, பாலிஸ்டைரின் எதுவும் மாற்றப்படவில்லை. இவை எலெக்ட்ரோலிட்டிக் போல வற்றுவதில்லை. மாற்றினால் அளவீட்டுச் சீரமைப்பு முழுவதையும் மறுபடி செய்ய நேரும். பாலிஸ்டைரின் சூட்டுக்கும் கரைப்பானுக்கும் தாங்காது, பக்கத்தில் ஈயம் வைக்கும்போதே கவனம் வேண்டும். ‘எல்லாவற்றையும் மாற்றிவிடு’ என்ற அறிவுரையால் கெட்ட ஸ்கோப்புகள் கண்டென்சர் வற்றிக் கெட்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல. கதோட் கதிர்க்குழாயின் மைனஸ் 2450 வோல்ட் பகுதியும் நல்ல நிலையில் இருந்ததால் திறக்கப்படவில்லை.

இதே மேசைக்கு வரும் 1980-களின் கருவிகளுக்கு ஒரு சொல். மெயின்ஸ் நுழைவில் தெளிந்த மஞ்சள் பிசின் உடம்போடு, மயிரிழை விரிசல்களோடு ரிஃபா நிறுவனத்தின் காகிதக் கண்டென்சர் இருந்தால், கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். விரிசல் வழியே ஈரம் ஏறி, ஒரு நாள் அறை முழுக்கப் புகையைக் கக்கும். மாற்றாக எக்ஸ்2 முத்திரையுள்ள (லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போடும் பாதுகாப்பு வகை) பாலிபுரொப்பிலீன் மட்டுமே, லைனுக்கும் எர்த்துக்கும் இடையே என்றால் ஒய்2. 630 வோல்ட் டிசி ஃபிலிமும், 440 வோல்ட் ஏசி என்று போட்ட ஃபேன் கண்டென்சரும் இந்த இடத்துக்கு உரியவை அல்ல.

சோதனை

முதலில் சர்வீஸ் புத்தக வரிசைப்படி லைன்கள் அளக்கப்பட்டன. ஐந்தும் வரம்புக்குள் நின்றதால் எந்தத் திருகும் தொடப்படவில்லை. சப்ளையை அரை சதவீதம் நகர்த்தினாலும் வெர்டிகல் கெய்னும் ஸ்வீப் நேரமும் சேர்ந்து நகரும். 5 மில்லிவோல்ட் நிலையில் கோடு மெலிந்து நின்றது. லைன் டிரிகரில் அலை இல்லை. மூடி போட்டு மூன்று மணி நேரம் ஓடிய பின் டப்பாக்களின் தலைச் சூடு 48 டிகிரி. லைன் 250-க்கு ஏறிய இரவு நேரத்தில் டப்பாக் கால்களின் அழுத்தம் மறுபடி அளக்கப்பட்டு, ரேட்டிங்கின் முக்கால்பங்குக்குள் இருப்பது உறுதியானது.

மாற்றிய ஒவ்வொரு கண்டென்சரின் இட எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, வரிசைப் பெயர், தேதி ஆகியவை எழுதிய தாள் மூடியின் உள்பக்கம் ஒட்டப்பட்டது. மைனஸ் 8 வோல்ட் லைனின் ஒரு டான்டலம் 25 வோல்ட் ரேட்டிங் உள்ள அசல், லீக்கேஜ் வரம்புக்குள் இருந்தாலும் மற்றவற்றைவிட அதிகம். அது மாற்றப்படாமல் தாளில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அதை மறுபடி அளக்க வேண்டும்.